முப்பத்தெட்டு சென்ட் மழை

காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்ப்பேன். ஏழு ஐந்துக்கு அளவை டைரியில் எழுதுவேன். ஏழு பத்துக்குக் காபி. ஏழு இருபதுக்கு என் மனைவி கைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போவாள். சேலத்து எஃப்.எம். ஒன்றில் காலை நிகழ்ச்சி நடத்தும் ஒருவன் அவளிடம், "மேல எப்படிங்க அக்கா?" என்று கேட்பான். அவள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைத் தினமும் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, சமையலறை ஜன்னல் வழியாக மரத்தடியிலிருந்து. இரண்டாவது முறை, ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ கழித்து, அடுப்புக்கு மேலே பலகையில் இருக்கும் ரேடியோவிலிருந்து. ரேடியோவில் வருவதுதான் தெளிவாக, பக்கத்தில் நின்று சிரிப்பதுபோல இருக்கும். ஜன்னல் வழியாக வந்தது, அவனுக்குப் போய்ச் சேரும் வழியில் என் காதிலும் விழுந்தது, அவ்வளவுதான்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்குப் பேர் எழுதுவது, எந்த பிளாக்கில் என்ன வேலை நடந்தது என்று குறிப்பது, மழையை அளப்பது என் வேலை. எஸ்டேட்டில் மழையை இஞ்சிலும் சென்ட்டிலும் சொல்வோம். நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு இஞ்சு. மழைமானி எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், சிறு கம்பி வேலிக்குள் நிற்கிறது. அளவை முதலில் என் டைரியில் எழுதுவேன். எட்டு மணிக்கு ஆபீஸ் போய் அங்குள்ள மழை ரிஜிஸ்டரில் ஏற்றுவேன். டைரி எழுதுவது இருபத்தெட்டு வருடப் பழக்கம். கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு டிசம்பர் காலையில் ரேடியோவில் அவன் கேட்டான்: "ஏற்காட்டுல பனி எப்படி இருக்குன்னு காரெடுத்துட்டுக் கிளம்பறவங்க கேக்கறாங்க. மேல இருந்து யாராச்சும் பேசுங்களேன், கண்ணுகளா." மனைவி கையில் தோசை மாவு. துடைத்துவிட்டுக் கைபேசியில் நிலையத்தின் எண்ணை அழுத்தினாள். "லைன் கெடைக்கவா போகுது" என்றேன். கிடைத்தது. பனியில் எதிர் வீட்டுக் கோழிக்கூடு தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றாள். அவன் அதற்கே அப்படிச் சிரித்தான். மறுநாள் அதே நேரத்துக்கு, "நேத்துப் பேசின மேலத்து அக்கா இன்னிக்கு வருவாங்களா?" என்றான். அன்றிலிருந்து அவள் மேலத்து அக்கா. ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஏழு இருபது.

அவனுக்கு முப்பது வயது இருக்காது என்று குரலை வைத்துச் சொல்வேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைச் சாமி என்பான். கோழிக்கறி வைக்கத் தெரியாத புது மாப்பிள்ளைகளை அதட்டுவான். நல்ல குரல். அதை மறுக்க முடியவில்லை என்பது என் எரிச்சலை அதிகமாக்கியது.

முதல் வாரத்திலிருந்தே டைரியின் ஓரத்தில் இரண்டு எண்கள் குறிக்கத் தொடங்கினேன். ஒன்று, அவள் அவனோடு பேசிய நிமிடங்கள். மற்றது, ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்குள் என்னோடு பேசியது. அவனுக்கு மூன்று, நான்கு, ஒரு நாள் ஆறு. எனக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் "தண்ணி மோட்டார் போடுங்க", "கேஸ் புக் பண்ணுங்க" ஆகியவை அடக்கம்.

பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒருமுறை போனில், "ரேடியோவெல்லாம் இப்ப யாருப்பா கேக்கறாங்க?" என்றாள். அது எனக்கு இனித்தது. அதைச் சரிபார்க்க ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரி வரை நடந்தேன். கடைகளில் டி.வி. ஓடியது. பலகாரக் கடைக்காரர் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார். ஜீப் டிரைவர்கள் பென் டிரைவில் பாட்டுக் கேட்டார்கள். ஒரே ஒரு சலூனில் ரேடியோ, அதுவும் வேறு நிலையம். வீட்டுக்கு வந்து, "காலை நிகழ்ச்சிக்கு ஏற்காட்டில் கேட்பவர் இல்லை" என்று டைரியில் எழுதினேன். நான் நடந்தது மாலை நான்கு மணிக்கு என்பதையும் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். அவன் பேசுவது காலையில் என்பது மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "நீ பேசறத அவனும் நானுந்தான் கேக்கறோம்."

"நீங்க கேக்கறீங்களா?" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே. "ஆச்சரியந்தான்."

அவள் அங்கே பேசியது வானிலை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஒரு நாள் அவன், "மேல எப்படிங்க அக்கா?" என்று கேட்க, அவள் சொன்னாள்:

"குளுருதுங்க. போர்வைய உட்டு வரவே மனசில்ல."

"அண்ணன் எழுப்பலீங்களா?"

"அவரு ஏழு மணிக்கு மழைய அளக்கப் போயிருவாருங்க. பேயாத நாளும் போய் எட்டிப் பார்ப்பாரு."

"பேயாத மழையையுமா? அப்ப உங்கள எப்பங்க அக்கா அளப்பாரு?"

"என்னைய அளக்கச் சென்ட்டுப் பத்தாதுங்க. இஞ்சு டேப்பு வேணும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு ஜன்னலில் ஒரு முறை, ரேடியோவில் ஒரு முறை. அவன் சிரிப்பு ரேடியோவில் மட்டும். நான் மூன்றையும் கேட்டுக்கொண்டு காபி டம்ளரைக் கழுவினேன்.

இன்னொரு நாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் ரேடியோவில் பேசினாள். அம்மா வீட்டு நினைப்பாகவே இருக்கிறது என்றாள். அடுத்து என் மனைவியின் முறை. அவள் சொன்னாள்: "நான் ஓமலூர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தவளுங்க. வந்த புதுசுல இந்தக் குளுருக்கு ஒரு மாசம் நொம்ப அழுதேன். அடுப்ப ஊதற மாதிரி உக்காந்து அழுவேன். இவரு பொகைன்னு நெனச்சுக்குவாரு. இப்ப என்னைய கீழ எறங்கச் சொன்னாத்தான் அழுகை வரும். அந்தப் பாப்பாவுக்கும் சரியாப் போயிருமுங்க."

அன்று ஆபீஸுக்குக் கிளம்பு முன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணமான வருடத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் முதல் மாதம். "மழை 64 சென்ட். சமையலறையில் புகை அதிகம். புகைக்கூண்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்." நான்கு நாள் கழித்து: "புகைக்கூண்டு சுத்தம் செய்தாயிற்று. புகை குறையவில்லை."

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "அவங்கிட்டச் சொல்லத் தெரியுது. எங்கிட்ட இருபத்தாறு வருசமாச் சொல்லத் தெரியலையா?"

"அவங்க தெனமும் எப்படிங்கன்னு கேக்கறாங்க" என்றாள். "நீங்க எப்பங்க கேட்டீங்க?"

எனக்கு அந்த ஏழு இருபது நின்றுபோக வேண்டும் என்ற ஒரே எண்ணம் இருந்தது. அவளாக நிறுத்த மாட்டாள். அவன் நிறுத்த வேண்டும்.

அவள் ரேடியோவில் சொல்லும் மழை அளவு என் டைரியிலிருந்து போவது. சாப்பாட்டு மேசையில் டைரி விரித்தபடி இருக்கும். மரத்தடிக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். "இன்னிக்கு இருவது சென்ட்டுங்க" என்று அவள் சொன்னால், "அக்கா சொன்னா அச்சுல ஏத்தின மாதிரிங்க" என்பான் அவன். என்னுடைய அளவு. அவனுடைய பாராட்டு. அவளுக்கு.

போன மார்ச் மாதம் பூ மழை வந்தது. வெயில் காலத் தொடக்கத்தில் பெய்யும் முதல் நல்ல மழையை அப்படிச் சொல்வோம். ஒரு இஞ்சு அளவுக்குப் பெய்தால் காபி மொட்டுகள் பத்து நாளுக்குள் ஒன்றாக விரிந்து, தோட்டம் வெள்ளையாகிவிடும். அரைகுறையாகப் பெய்தால் மொட்டு கிளம்பிப் பாதியில் நின்று கருகும். அப்போது இரண்டு மூன்று நாளுக்குள் ஸ்பிரிங்க்ளர் வைத்து மீதித் தண்ணீரைக் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு மழையின் அளவு எங்களுக்கு வருடத்தின் மற்ற எல்லா அளவுகளையும்விடப் பெரியது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெய்தது. இருபது நிமிடத்தில் நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தேன். முப்பத்தெட்டு சென்ட்.

டைரியில் எழுதினேன்: 1 இஞ்சு 12 சென்ட்.

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சென்ட்டைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. என் கணக்கு எளிது. அவள் தப்பான அளவைச் சொல்வாள். ஏற்காட்டிலிருந்து யாராவது ஒருவர் போன் போட்டு, "அதெல்லாம் இல்லைங்க" என்பார். அச்சில் ஏற்றின அக்காவுக்கு முகம் சுண்டும். அவன் நாலு நாளில் வேறு ஆளைத் தேடிக்கொள்வான். யாருக்கும் நட்டம் வராது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. கேட்பவர் இல்லை, ஆனால் திருத்துபவர் மட்டும் இருப்பார் என்று ஒரே நேரத்தில் இரண்டையும் நம்பியிருக்கிறேன்.

அவள் டைரியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு போனாள்.

"ஒரு இஞ்சு பன்னண்டா! பூ மழை பேஞ்சிருச்சுங்களா அக்கா?" அவன் கத்தினான். கை தட்டினான். மழைப் பாட்டு ஒன்று போட்டான். யாரும் போன் போட்டுத் திருத்தவில்லை. எட்டு மணிக்கு ஆபீஸ் ரிஜிஸ்டரில் 38 என்று ஏற்றினேன். மேனேஜர் அதைப் பார்த்து ஸ்பிரிங்க்ளர் இறக்கச் சொன்னார். எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆறாம் நாள் காலை, ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அறுபது வயதுக்காரர். கையில் ஒரு பை எலுமிச்சை. குப்பனூர்க்காரர் என்றார். மலையடிவாரத்தில் வீடு, எங்கள் எஸ்டேட்டின் கீழ் எல்லையை ஒட்டி, குப்பனூர் ரோட்டுப் பக்கம், இரண்டு ஏக்கர் காபி வைத்திருக்கிறார்.

"ஏனுங்க, ரேடியோவுல பேசற அம்மணி ஊடு இதுதானுங்களா?"

மனைவி வெளியே வந்தாள். அவர் முகம் மலர்ந்தது. "கொரல் அப்படியே இருக்குதுங்க அம்மணி! தெனமும் பால் பீச்சறப்பக் கேக்கறனுங்க. உங்க சிரிப்பு வந்தாத்தான் எம்மட மாடு பாலே எறக்குது."

அவள் சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு அவர் மேலும் பொறாமை வந்தது. அது ஒரு நிமிடந்தான். அடுத்து அவர் சொன்னார்:

"இந்த வருசந்தானுங்க கொஞ்சம் ஏமாந்துட்டேன். ஸ்பிரிங்க்ளர் செட்டு வாடகைக்குச் சொல்லி வெச்சிருந்தேன். அம்மணி ஒரு இஞ்சுக்கு மேலன்னு சொன்னீங்களா, அதான் வேண்டாம்னுட்டேன். செட்டு வாழவந்தி ஊர்க்காரர் ஒருத்தருக்குப் போயிருச்சு. நேத்து மேல வந்து பாத்தேன், மொட்டெல்லாம் செவந்து வெறச்சுப்போய் நிக்குது. என்னுங்க பண்றது. மழை ஒரு மேட்டுல பேயும், மறுமேட்டுல பேயாது. உங்க மேல தப்பில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சைப் பையைப் பார்த்தேன். மழை மேட்டுக்கு மேடு மாறும் என்று அவரே சொல்லிவிட்டார். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். திறக்கவும் இல்லை. அவர் காபி குடித்துவிட்டுத் தன் தோட்டத்துக்குப் போனார்.

மொபெட் சத்தம் வளைவில் தேய்ந்ததும் அவள் சொன்னாள்: "வாசல்ல எவ்வளவு நேரம் பேஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? வெளிய வெச்ச வாளியில தண்ணி அடிய நனைச்சுது, அவ்வளவுதான். இது ஒரு இஞ்சு இல்லையேன்னு அன்னிக்கே நெனச்சேன். ஆனா உங்க கையெழுத்தாச்சே. வாளிதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டு, நீங்க எழுதினதப் போய்ச் சொல்லிட்டேன்."

அவள் டைரியை மூடி, டிரங்குப் பெட்டியில் பழைய டைரிகளுக்கு மேல் வைத்தாள்.

அன்று ஆபீஸில் மேனேஜரிடம், எங்கள் வேலை முடிந்துவிட்டதால் ஸ்பிரிங்க்ளரை இரண்டு நாள் பக்கத்துத் தோட்டத்துக்குத் தர முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். நான் சொன்ன அளவு தப்பு, அதனால் ஒருவர் ஏமாந்துவிட்டார் என்றேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "முப்பத்தெட்டுன்னு சரியாத்தானே இருக்கு?" என்றார். "இது சரிங்க. ஊட்டுல எழுதினதுதான் தப்பு." என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆளை வைத்து அன்றைக்கே குப்பனூர்க்காரர் தோட்டத்தில் இறக்கினோம். பாதிச் செடிகள் தேறின. பாதி இல்லை.

மனைவி மறுநாள் ஏழு இருபதுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. "மேலத்து அக்காவக் காணோமே" என்றான் அவன். முதல் நாள், பாவி மனம், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு பஸ் கண்டக்டர் போன் போட்டு அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறகு ஏரிப் பக்கத்து லாட்ஜில் வேலை செய்யும் ஒரு பெண். பிறகு ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். இத்தனை பேர் எங்கே இருந்தார்கள்? நான் நடந்துபோன கடைத்தெருவில்தான்.

இரண்டு நாளும் டைரி ஓரத்தில் அவன் பேருக்கு நேரே சைபர். எனக்கு நேரேயும் சைபர். தண்ணி மோட்டாரைக்கூட அவளே போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு பத்துக்கு அவள் கைபேசியை என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க சொல்லுங்க" என்றாள். "கேட்டவங்களுக்குத் தெரியணும்."

மரத்தடியில் நான் நின்றேன். அவள் சமையலறையில், ரேடியோவுக்குப் பக்கத்தில். நான்காவது முயற்சியில் லைன் கிடைத்தது.

"வணக்கமுங்க, யாருங்க பேசறது? ரேடியோ சத்தம் கேக்குது, கொஞ்சம் கொறைச்சுக்கங்க."

"ரேடியோ உள்ள இருக்குங்க. என் சம்சாரம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. மேலத்து அக்கான்னு சொல்லுவீங்களே, அவங்க."

"அண்ணனுங்களா! மழைய அளக்கற அண்ணனா! அக்கா எப்படிங்க இருக்காங்க?"

எடுத்த எடுப்பில் அவனுக்கு அந்தக் கேள்விதான் வருகிறது. நான் சொல்ல வந்ததை எழுதி வைத்திருந்தேன், அதைப் படித்தேன். "பூ மழை அன்னிக்கு அக்கா சொன்ன அளவு தப்பு. பேஞ்சது முப்பத்தெட்டு சென்ட். தப்பு அவங்களோடது இல்ல. டைரியில எழுதினது நான்."

"கை தவறிருச்சுங்களா அண்ணா? பரவால்லீங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அவன் நல்லவன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டான். ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது.

"கை தவறலீங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஏனுங்கண்ணா?"

இதற்குப் பதில் நான் எழுதி வைத்திருக்கவில்லை. "தெனமும் காலைல ஏழு இருவதுக்கு நீங்க எங்க ஊட்டுல அவங்களச் சிரிக்க வெக்கறீங்க. எனக்கு அது வர்றதில்ல" என்றேன்.

இரண்டு நொடி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று இருக்கலாம். பிறகு அவன் சொன்னான்: "அண்ணா, நான் ஒரு பாட்டப் போட்டுட்டு வந்துரட்டுங்களா?"

ஜன்னலிலிருந்து அவள் சிரிப்பு வந்தது. ஒரு முறைதான் வந்தது. கைபேசி என்னிடம் இருந்ததால் ரேடியோவில் அது வர வழியில்லை. நான் சொன்னதற்குச் சிரித்தாளா, அவன் சொன்னதற்கா என்பது தெரியவில்லை. அவளைக் கேட்டேன். "ரெண்டுக்குந்தான்" என்றாள். பங்கு எவ்வளவு என்று கேட்க வாய் வரை வந்தது.

இப்போது கடைத்தெருவில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. பலகாரக் கடைக்காரர், "வாங்க முப்பத்தெட்டு சென்ட்டு" என்கிறார். ஜீப் டிரைவர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னுங்க சார், இன்னிக்குச் சிரிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். குப்பனூர்க்காரருக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவர் வெகு நேரம் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மணிகிட்ட பேசச் சொல்லுங்க, அது போதும்" என்றார். காபி கொடுக்கவில்லை.

அவள் மறுபடி பேசுகிறாள். ஆனால் ஒன்று மாறிவிட்டது. ஏழு மணிக்கு மழைமானியை இப்போது அவள் பார்க்கிறாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அளவுக் குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, நான் செய்வதைவிட நிதானமாகப் பார்க்கிறாள். அளவை மனதில் வைத்துக்கொண்டு ஏழு இருபதுக்கு மரத்தடிக்குப் போகிறாள். எனக்குச் சொல்வதில்லை. "எப்படியும் ரேடியோவுல கேப்பீங்களே" என்கிறாள்.

இன்று காலை மழை மூட்டமாக இருந்தது. நான் சமையலறையில் டைரியை விரித்து, பேனாவைத் திறந்து, ரேடியோ முன் உட்கார்ந்திருந்தேன். "மேல எப்படிங்க அக்கா?" என்றான். அவனுக்கு முந்திக்கொண்டு நான் அதைக் கேட்டிருக்கலாம். ஏழு மணியிலிருந்து எனக்கு இருபது நிமிடம் இருந்தது. நாளைக்கு ஏழு ஐந்துக்குக் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தேன். அதற்குள் அவள், "பதினாறு சென்ட்டுங்க" என்றாள், ஜன்னலில் ஒரு முறை, ரேடியோவில் ஒரு முறை. இரண்டாவதைக் கேட்ட பிறகே எழுதினேன்.